கேளுங்கோ, சொல்லுறன்: இந்த மாசம் முழுக்கத் தொப்பிக் கதை

போன மாசம் பிரான்சில நவம்பர் 25ஆம் திகதி நடக்கிற தொப்பிக் கொண்டாட்டத்தைப் பற்றி ரெண்டு வரி எழுதினனான், அதுக்கு வந்த கடிதமும் வட்ஸ்அப்பும் இன்னும் நிக்கேல்ல, பிளவுஸ் கழுத்தைப் பற்றி வழமையாக் கேக்கிறவை கூட இந்த முறை தொப்பியைப் பற்றித்தான் கேட்டிருக்கினம். அதால மற்றக் கேள்வியளை அடுத்த மாசத்துக்கு வைச்சிட்டு இந்தப் பக்கத்தை முழுக்கத் தொப்பிக்கே விடுறன். முப்பது வருசம் தையல் படிப்பிச்ச எனக்கு இதைவிடச் சந்தோசம் என்ன இருக்கு.

கொக்குவிலில இருந்து ஒரு அம்மா: ரீச்சர், என்ர மூத்தவள் பாரிசில ஒரு தையல் வேலைத்தலத்தில வேலை செய்யிறாள். போன நவம்பரில அவளுக்கு 25 வயசு. கூட வேலை செய்யிறவை எல்லாருமாச் சேந்து பச்சையும் மஞ்சளுமா ஒரு பெரிய தொப்பி செய்து அவளின்ர தலையில வைச்சுப் படம் எடுத்திருக்கினம். அதைப் பாத்திட்டு அங்க இருக்கிற எங்கட சொந்தக்காரர் ஒராள் “உது கலியாணம் ஆகாமக் கிடக்கிற பெட்டையளுக்கு வைக்கிற தொப்பி” எண்டு ஃபோனில சொல்லிச் சிரிச்சவ. எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை. பிள்ளையைப் பகிடி பண்ணினவையோ?

அக்கா, நீங்கள் அனுப்பின படத்தை நான் ஃபோனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சு ஒரு மணித்தியாலம் பாத்தனான், முதல் அதைச் சொல்லுறன் பேந்து மற்றக் கதைக்கு வாறன். அந்தத் தொப்பியின்ர உச்சியில ஒரு பனை நிக்குது, கண்டனியளோ? பச்சைக் கம்பளித் துணியை விசிறி மாதிரி மடிச்சு, ஒவ்வொரு ஓலையின்ர நுனியையும் தனித்தனியாக் கத்தரிச்சு, ஓரம் பிரியாம இருக்கச் சின்னக் கரைத்தையல் போட்டிருக்கினம். பனையின்ர அடியில மஞ்சள் கடதாசியில பின்னின ஒரு சுளகு, பெருவிரல் அளவுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தை ஒரு நாளும் பாத்திராத ஆக்கள் உங்கட பிள்ளையிட்ட ஊரைப்பற்றிக் கேட்டு, பனை எப்பிடி இருக்கும் எண்டு படம் தேடிப் பாத்து, வேலை முடிஞ்ச பிறகு இருந்து தைச்சிருக்கினம். பகிடி பண்ண நினைக்கிறவை இவ்வளவு நேரம் ஊசி பிடிக்க மாட்டினம். தைக்கிற எனக்கு அது தெரியும்.

இப்ப உங்கட சொந்தக்காரர் சொன்னதுக்கு வருவம், அவ சொன்னதில ஒரு பாதி உண்மைதான். நவம்பர் 25 புனித கத்தரீனின்ர திருநாள். கலியாணமாகாத பொம்பிளைப் பிள்ளையளுக்கும், நூல் நூற்கிறவைக்கும், தொப்பி செய்யிறவைக்கும் அவதான் பாதுகாவலி. முந்தின காலத்தில பிரான்ஸ் கோயில்களில கத்தரீனின்ர சுரூபத்துக்குத் தலை அலங்காரம் செய்யிற உரிமை கலியாணமாகாத பெட்டையளுக்குத்தான் இருந்தது. அதாலதான் 25 வயசு வரையும் கலியாணம் கட்டாத ஒருத்தியை “கத்தரீனுக்கு முடி சூட்டுறாள்” எண்டு சொல்லுற வழக்கம் வந்தது, அந்தப் பிள்ளையளுக்கு கத்தரீனெத் எண்டும் பேர். அந்தப் பேச்சில ஒரு குத்தல் இருந்தது, இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன். பொம்பிளைப் பிள்ளையின்ர வயசை ஊர் நிண்டு எண்ணுறது எங்கட ஒழுங்கையில மட்டுமில்லை, பாரிசிலயும் நடந்ததுதான்.

ஆனா பிறகு அந்த நாளைப் பாரிசின்ர தையல்காரப் பிள்ளையளும் தொப்பிக்காரப் பிள்ளையளும் தங்கட கையில எடுத்துக்கொண்டினம். வருசம் முழுக்கக் காசுக்கார ஆக்களின்ர தலைக்குத் தொப்பி செய்து குடுக்கிறவை அண்டைக்கு ஒரு நாள் தங்கட தலைக்குத் தாங்களே செய்து போட்டுக்கொண்டு றோட்டால ஊர்வலம் போச்சினம், பின்னேரம் ஆட்டம் பாட்டு. முதலாளிமாரும் அண்டைக்கு விருந்து வைச்சினம். பெரிய உடுப்பு நிறுவனங்களில இண்டைக்கும் அந்தக் கொண்டாட்டம் இருக்கு, 30 வயசு ஆம்பிளைப் பிள்ளையளையும் ‘நிக்கொலா’ எண்டு சொல்லிச் சேத்துக்கொள்ளுகினம். தொப்பி வேலையை லேசா நினைக்காதேங்கோ அக்கா. கொக்கோ சானல் எண்டு உடுப்பு வேலையில உலகம் முழுக்கப் பேர் எடுத்த அந்த அம்மா 1910இல பாரிஸ் கம்போன் வீதியில முதல் திறந்தது உடுப்புக் கடை இல்லை, தொப்பிக் கடை.

பச்சையும் மஞ்சளும் அந்த நாளுக்கெண்டே உள்ள நிறம். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளையின்ர வேலையையும் விருப்பத்தையும் பாத்துச் செய்யிறது. முக்கியமான ஒண்டு என்னெண்டா, அந்தத் தொப்பியைப் பிள்ளை தானே செய்யிறதில்லை, கூட வேலை செய்யிறவைதான் அவளுக்கெண்டு செய்து குடுக்கிறவை. உங்கட மகளுக்கு அந்தத் தூர தேசத்தில அப்பிடி நாலு பேர் இருக்கினம். படத்தைப் பெருசாக் கழுவி விறாந்தையில கொழுவுங்கோ, கேக்கிறவைக்குப் பனையைக் காட்டுங்கோ.

குருநகரில இருந்து ஒரு தங்கச்சி: எங்கட வீட்டில புனித கத்தரீனின்ர படம் இருக்கு, தலையில முள்முடி, கையில லில்லிப் பூ. அவவோ இவ?

இல்லைப் பிள்ளை, நீங்கள் சொல்லுறது சியன்னா நகரத்துக் கத்தரீன், அவவின்ர திருநாள் ஏப்ரலில வரும். இவ அலெக்சாந்திரியாவின்ர கத்தரீன், கனகாலம் முந்தினவ, படங்களில முள்ளுச் சில்லு ஒண்டு பக்கத்தில இருக்கும், ஏனெண்டா அந்தச் சில்லில கட்டிக் கொல்லப் பாக்க சில்லு உடைஞ்சு போச்சு எண்டுதான் பழைய கதை சொல்லுறது. சில்லு சுத்துறதாலதான் ராட்டையில நூல் நூற்கிறவைக்கும் அவ பாதுகாவலி ஆனவ எண்டு சொல்லுவினம். 1969இல திருச்சபைப் பொது நாள்காட்டியில இருந்து அவவின்ர நாளை எடுத்து, 2002இல திரும்பவும் சேத்தவை. இடையில உள்ள 33 வருசமும் பாரிசில தொப்பி போடுறது நிக்கேல்ல.

திருநெல்வேலியில இருந்து கம்பஸ் பிள்ளையள் நாலு பேர்: ரீச்சர், நாங்களும் ஒரு தொப்பிப் பார்ட்டி வைக்கப்போறம். பெரிய தொப்பி செய்தா தலையில நிக்குதில்லை, ஒரு பக்கம் சாயுது, குனிஞ்சா விழுது. என்ன செய்யிறது?

பிள்ளையள், உங்கட கடிதத்தைப் பாத்த உடன எனக்கு வல்வெட்டித்துறைதான் ஞாபகம் வந்தது. தைப்பொங்கல் அண்டைக்கு அங்க பறக்கிற பட்டங்களைப் பாத்திருப்பியள், ஆள் உயரத்தில கப்பலும் நாகமும் விமானமும் எழும்பி நிக்கும். அதைக் கட்டுற தம்பிமார் ஒராளைக் கூப்பிட்டு உங்கட தொப்பியைக் காட்டுங்கோ, அவர் முதல் கேக்கிற கேள்வி “முச்சை எங்க?” எண்டுதான் இருக்கும். முச்சை எண்டா பட்டத்தைச் சமநிலையாப் பிடிக்கக் கட்டுற நூல், அது பிழைச்சா எவ்வளவு வடிவான பட்டமும் குத்தும். தொப்பியும் அதேதான், வடிவு மேல இருக்கலாம், பிடி கீழ சரியா இருக்கவேணும்.

நீங்கள் விடுற பிழை எனக்குத் தெரியும், மேல வைக்கிறதைத்தான் முதல் செய்திருப்பியள். அப்பிடிச் செய்யாதேங்கோ. முதல் தலைக்கு ஒரு அடி செய்யுங்கோ. நெத்தியில இருந்து காதுக்கு மேலால பிடரி வரைக்கும் அளவு நாடாவால அளந்து, ரெய்லர்மார் கொலருக்கு வைக்கிற கான்வஸ் துணியை அந்த அளவுக்கு வெட்டி, வீட்டில உள்ள ஒரு உருண்டைச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு, தடிப்பாக் காச்சின அரிசிக் கஞ்சியில துணியைத் தோய்ச்சு அதுக்கு மேல இழுத்து ஒட்டி வெயிலில வையுங்கோ. பொலித்தீன் ஒண்டைச் சட்டிக்கு மேல முதல் விரிக்க மறக்காதேங்கோ, இல்லாட்டித் துணி சட்டியோட ஒட்டிப் பிடிச்சுக்கொள்ளும். காஞ்சா மூடி மாதிரிக் கழண்டு வரும். பெரிய தொப்பிக்காரரும் இதைத்தான் செய்யினம், சட்டிக்குப் பதிலா தலை மாதிரிச் செதுக்கின மரக்குத்தி வைச்சிருக்கினம், கஞ்சிக்குப் பதிலா வேற பசை, அவ்வளவுதான். உள்ளுக்கு ஒரு துணிப் பட்டி வைச்சுத் தைச்சு, ரெண்டு பக்கமும் சின்னச் சீப்பு ஒண்டு தையுங்கோ, பின்னுக்கு மெல்லிய லாஸ்ரிக். லாஸ்ரிக் நாடிக்குக் கீழ வரக்கூடாது, தலைமயிருக்குக் கீழால பிடரிக்குப் போகவேணும்.

அதுக்குப் பிறகு மேல என்னத்தையும் வையுங்கோ, ஆனா பாரம் கூடினதெல்லாம் தலைக்குக் கிட்ட, பாரம் இல்லாதது உயரத்தில. மூங்கில் சீவி, ரிசுப் பேப்பர், ரெஜிபோம், கட்டுக்கம்பி இவ்வளவும் காணும். செய்யிறதுக்கு முன்னம் ஒராள் ஒரு கிலோ சீனிப் பையைத் தலையில வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நடந்து பாருங்கோ, கழுத்து என்ன சொல்லுதெண்டு அப்ப விளங்கும்.

எதைச் செய்யிறதெண்டு கேட்டிருக்கிறியள். 1778இல பிரான்ஸ்காரரின்ர ‘பெல் பூல்’ எண்ட போர்க்கப்பல் இங்கிலாந்துக் கப்பலோட சண்டை பிடிச்ச பிறகு, பாரிசில பொம்பிளையள் முழுக் கப்பலையே பாய்மரத்தோட தலைமயிருக்கு மேல கட்டிக்கொண்டு திரிஞ்சவை. அண்டைக்கு ஊரே கதைச்ச விசயம் எதுவோ அது தலையில ஏறினது. நீங்களும் அப்பிடி யோசியுங்கோ. மணிக்கூட்டுக் கோபுரம் செய்யலாம், தட்டிவான் செய்யலாம், ஆடிக்கூழுப் பானையும் பிளாவும் செய்யலாம். இன்ரநெற்றில பாத்த ஒண்டை அப்பிடியே கொப்பி அடிக்கிறது மட்டும் எனக்கு விருப்பமில்லை. தலையைப் பாத்தா இது யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டு தெரியவேணும்.

மானிப்பாயில இருந்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர்: தொப்பிக்கு இறகு வைக்கிறது வடிவுதான், ஆனா அது பாவமில்லையோ?

ரீச்சர், நீங்கள் கேட்டது மனசைத் தைச்ச கேள்வி. மாரி காலத்தில அரியாலைப் பக்கமோ தொண்டைமானாற்றுப் பக்கமோ போனா வெள்ளைக் கொக்கு நிக்கும். குஞ்சு பொரிக்கிற காலம் வந்தா அதுகளின்ர முதுகில பஞ்சு மாதிரி, மூச்சு விட்டாலே ஆடுற மெல்லிய இறகு முளைக்கும். 1800களின்ர கடைசியில ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் தொப்பிக்காரர் தேடினது அந்த இறகைத்தான், பொன்னைவிட விலை போனது. அந்த இறகு குஞ்சு வளக்கிற காலத்தில மட்டும் இருக்கிறதால, தாய் தகப்பனைக் கூட்டடியில வைச்சே சுட்டவை, குஞ்சுகள் கூட்டில பட்டினி கிடந்து செத்தது. 1886இல ஃபிராங்க் சப்மன் எண்ட பறவை ஆராய்ச்சிக்காரர் நியூயோர்க் கடைத் தெருவில நடந்து போய் 700 பொம்பிளையளின்ர தொப்பியை எண்ணினவர், அதில 542இல பறவை இருந்தது. சிலதில இறகு மட்டுமில்லை, முழுக் குருவி.

இதை நிப்பாட்டினதும் பொம்பிளையள்தான். 1889இல மன்செஸ்ரரில எமிலி வில்லியம்சன் எண்ட அம்மா, இறகு வைச்ச தொப்பி போட மாட்டம் எண்டு கூட்டாளிமாரைச் சேத்துத் தொடங்கின சங்கம்தான் இண்டைக்குப் பிரித்தானியாவின்ர பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமா நிக்குது. 1921இல அங்க இறகு இறக்குமதியைத் தடுக்கச் சட்டமே வந்தது. அதால நான் படிப்பிச்ச பிள்ளையளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன், முத்தத்தில கோழி விட்டுட்டுப் போன இறகை எடுத்துக் கழுவிச் சாயம் போட்டு வைக்கலாம், இல்லாட்டி ரிசுப் பேப்பரை ஈர்க்கில ஒட்டி ரெண்டு பக்கமும் மெல்லிசா வெட்டினா இறகு தோத்துப்போகும். கொக்கு கொக்கிலயே இருக்கட்டும்.

கரவெட்டியில இருந்து ஒரு தம்பி: தொப்பி செய்யிறவைக்குப் பைத்தியம் பிடிக்கும் எண்டு இங்கிலிசில ஒரு பேச்சு இருக்காம், உண்மையோ?

உண்மைதான் தம்பி, ஆனா அது தொப்பியால இல்லை, பாதரசத்தால வந்தது. முயல் மயிரை இறுக்கித் தொப்பித்துணி ஆக்கிறதுக்குப் பாதரச மருந்தில ஊற வைச்சவை, பேந்து ஆவியில வேக வைக்கேக்க அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிச்சுக் கை நடுங்கி, வாய் குழறி, மனம் பேதலிச்சுப் போனது. அமெரிக்காவில டான்பரி எண்ட தொப்பி நகரத்தில அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பேரையே வைச்சிருந்தவை. அங்க 1941இலதான் அந்த மருந்தை நிப்பாட்டினவை. இப்ப செய்யிறதில அது இல்லை, பயப்படாமப் போடலாம்.

மிருசுவிலில இருந்து ஓலை வேலை செய்யிற ஒரு அக்கா: பனாமாத் தொப்பியும் ஓலைத் தொப்பிதானே, அதுக்கு இவ்வளவு விலை, எங்கட பனங்குருத்துத் தொப்பியை வாங்குறவை ஏன் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கினம்?

அக்கா, முதல் ஒரு கதை சொல்லுறன். பனாமாத் தொப்பி பனாமாவில செய்யிறதே இல்லை, எக்குவடோர் நாட்டில செய்யிறது. அங்க ‘தோக்கில்லா’ எண்டு ஒரு செடி, பாக்கப் பனை மாதிரி இருக்கும் ஆனா பனை இல்லை. அதின்ர இளங்குருத்தை மயிர் மாதிரிக் கிழிச்சு, அவிச்சு, காய வைச்சுப் பின்னுறவை. மொன்ரிகிறிஸ்ரி எண்ட ஊரில பின்னுற நைசான தொப்பி ஒண்டுக்கு மாதக்கணக்கு எடுக்கும். வித்தது பனாமாத் துறைமுகத்தால, 1906இல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பனாமாக் கால்வாய் வேலையைப் பாக்கப் போய் அந்தத் தொப்பியோட எடுத்த படம் எல்லா இடமும் பரவ, பேர் பனாமாவோடயே ஒட்டிப்போச்சு. 2012இல யுனெஸ்கோ அந்தப் பின்னல் வேலையை எக்குவடோரின்ர மரபுரிமையா எழுதினது, ஆனா கடையில இண்டைக்கும் பனாமாத் தொப்பிதான்.

விலை வாறது ஓலையால இல்லை அக்கா, வார்ற அளவால. நீங்கள் அனுப்பின தொப்பியைப் பாத்தனான், பின்னல் நல்ல இறுக்கம், சிவப்புச் சாயம் ஒரே சீரா ஏறியிருக்கு, ஆனா வார் அரை விரல் அகலம் இருக்கு, அதால விளிம்பு வளையிற இடத்தில முறிவு தெரியுது. குருத்தை இன்னும் பாதியா வாருங்கோ. ராத்திரிப் பனியில போட்டு விடிய எடுத்தா ஓலை பதமா வளையும், அது எனக்குச் சொல்லித்தந்தது என்ர அம்மம்மா, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நாள் கூட எடுக்கும், கூட எடுக்கிற நாளுக்கும் சேத்து விலையைச் சொல்லுங்கோ, குறைக்காதேங்கோ. இன்னொண்டு, தொப்பியின்ர உள்பட்டியில ‘யாழ்ப்பாணம்’ எண்டு நூலால எழுதித் தையுங்கோ. எக்குவடோர்க்காரர் விட்ட பிழையை நீங்கள் விடாதேங்கோ, பேரை வாங்கி விக்கிறவன் எடுத்துக்கொண்டு போயிடுவான்.

வட்டுக்கோட்டையில இருந்து ஒரு மாமி: லண்டனில மருமகனின்ர சிநேகிதப் பொடியனின்ர கலியாணம், வெள்ளைக்காரப் பொம்பிளை. எல்லாரும் தொப்பி போட்டு வருவினமாம். நான் சீலையோட தொப்பி போடவேணுமோ?

வேண்டாம் மாமி. காஞ்சிபுரத்துக்கும் கொண்டைக்கும் மேல தொப்பி ஏறினா ரெண்டும் கெடும். நல்ல மல்லிகை மாலை கிடைச்சா வையுங்கோ, அதுதான் எங்கட தொப்பி, அங்க ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம். ஆனா மகளோ பேத்தியோ கவுண் போடுறதெண்டா ஒண்டு போடட்டும். பகல் கலியாணத்துக்குத்தான் தொப்பி, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போடுறேல்ல. பெரிய விளிம்புத் தொப்பியெண்டா கோயிலுக்குள்ள பின்னுக்கு இருக்கிறவைக்கு மறைக்காத இடமாப் பாத்து இருக்கச் சொல்லுங்கோ. அஸ்கொற் குதிரைப் பந்தயத்துக்குப் போறதெண்டா வேற கதை, அங்க அரச பகுதிக்குள்ள போற பொம்பிளையளுக்கு 2012இல இருந்து தலையில வைக்கிறதின்ர அடி 10 சென்ரிமீற்றராவது இருக்கவேணும் எண்டு விதி, சும்மா பூக்கிளிப்போட விட மாட்டினம்.

சுன்னாகத்தில இருந்து ஒரு பிள்ளை: அக்காவுக்கு வெளிநாட்டுக்குத் தொப்பி ஒண்டு செய்து அனுப்பப்போறன், நசியாமப் போகுமோ?

பிள்ளை, நான் பட்ட பாட்டைச் சொல்லுறன் கேளுங்கோ. என்ர பெறாமகளும் பாரிசில தையல் வேலைதான், அவளுக்கு 25 வந்த வருசம் நான் பனங்குருத்தில ஒரு தொப்பி பின்னி, பச்சை மஞ்சள் சாயம் போட்டு, விளிம்பைச் சுத்திச் சின்னச் சின்ன நீத்துப்பெட்டியும் கடகமும் செய்து தொங்கவிட்டு, நல்ல பெட்டியில வைச்சுப் பாசல் போட்டனான். போய்ச் சேரேக்க அது சப்பாத்தி மாதிரி. பிள்ளை ஃபோனில அழுதவள், எனக்கும் நெஞ்சு அடைச்சுப் போச்சு, மூண்டு கிழமை இருந்து பின்னினது.

ஆனா அவளோட வேலை செய்யிற வயசான ஒரு தொப்பிக்கார அம்மா அதைப் பாத்திட்டு, கேத்தில் ஆவியில கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சு, ஓலை இளகின உடன மரக்குத்தியில ஏத்தி, விரலால வரிவரியாத் தடவி நிமித்தி, ஒரு இரவு காய விட்டிருக்கிறா. விடியப் பாக்க முறிஞ்சது ரெண்டே ரெண்டு வார்தான். அந்த அம்மாவுக்குப் பனை எண்டா என்னெண்டே தெரியாது, ஓலை எப்பிடி வளையும் எண்டு அவவின்ர விரலுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு கடகம் மட்டும் கழண்டு போச்சு, அதை அவவுக்கே குடுக்கச் சொன்னனான், அவ அதுக்குள்ள குண்டூசி போட்டு வைச்சிருக்கிறாவாம்.

அதால நீங்கள் தொப்பியை வாளியொண்டுக்குள்ள கவிழ்த்து, உச்சிக்குள்ள பழைய துணி அடைஞ்சு, விளிம்புக்குக் கீழ கடதாசி சுருட்டி வைச்சு, வாளியோடயே பெட்டிக்குள்ள இறக்குங்கோ. தொங்குற சாமானைத் தனியாக் கட்டி, ஊசியும் நூலும் ஒரு பையில போட்டுவிடுங்கோ, அக்கா அங்க வைச்சுத் தைக்கட்டும்.